மார்கழியில் உங்கள் ஊரில் என்ன குடிக்கிறார்கள், எதைக் கொண்டாடுகிறார்கள்?

ஸ்டுட்கார்ட்_சிறுவாணி:
வணக்கம் மக்களே. டிசம்பர் வந்தாலே இங்கே ஜெர்மனியில் ஊருக்கு ஊர் கிறிஸ்துமஸ் சந்தை போட்டுவிடுகிறார்கள், மரக்கடைகள், சீரியல் பல்பு, அப்புறம் எங்கே திரும்பினாலும் கிராம்பும் பட்டையும் கொதிக்கிற வாசனை. அதுதான் குளூவைன். சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை போட்டுச் சூடாக்குவது. கொதிக்க விடக்கூடாது, 78 டிகிரியைத் தொட்டால் ஆல்கஹால் ஆவியாகக் கிளம்பிவிடும், கிராம்பும் கசந்துவிடும். பீங்கான் குவளையில்தான் தருவார்கள். குவளைக்கு மூன்று நான்கு யூரோ டெபாசிட், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். ஆனால் ஒவ்வொரு வருடமும் குவளையில் படம் மாறும், அதனால் பாதிப்பேர் திருப்பித் தராமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கிவைத்துக்கொள்கிறார்கள். டிரெஸ்டன் சந்தை 1434-இல் ஆரம்பித்தது, இன்னும் நடக்கிறது.

குடிக்காதவர்களுக்குக் கிண்டர்புன்ஷ் உண்டு, பழச்சாறும் செம்பருத்தி டீயும் கலந்தது, அதே மசாலா. நான் பெரும்பாலும் அந்தக் கட்சிதான்.

சரி, உங்கள் ஊர்க்கதையைச் சொல்லுங்கள். குளிர், பண்டிகை, பானம், மூன்றில் எதுவானாலும் சரி.

மயிலாப்பூர்_மாடவீதி:
தம்பி, சென்னையில் குளிர் என்று சொன்னால் கோத்தகிரிக்காரர் சண்டைக்கு வருவார். விடியற்காலை 20, 21 டிகிரி வந்தாலே இங்கே குல்லாய் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறோம். கோவிலில் ஐந்து மணிக்கு வெண்பொங்கல், கையில் வாழையிலைத் துண்டோ தொன்னையோ, மிளகு பல்லில் கடிபடும்போது குளிர் போய்விடும். வாசலில் கோலத்தில் சாணிப்பிள்ளையார் மேல் பூசணிப்பூ வைக்கிற பழக்கம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் மிச்சம். சாணி வாங்க ஆப் இருக்கிறதாம், கேட்டு நொந்துபோனேன்.

பானம் என்று கேட்டால் சபா கேண்டீன் காப்பி. கச்சேரியை விட கேண்டீன் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம் என்று பேரன் கேலி செய்கிறான். மார்கழி சீசன் ஏதோ புராண காலத்து வழக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் மாநாடு வைப்பது அந்தக் காலத்துக் காங்கிரஸ் வழக்கம். ஆக நம் மார்கழிக் கச்சேரிக்கும் இயேசுநாதர் பிறந்தநாளுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு, ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்.

கோத்தகிரி_குளிர்:
சண்டைக்கெல்லாம் வரவில்லை ஐயா, சிரிப்புதான் வருகிறது :)

ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா பக்கம் நவம்பர், டிசம்பரிலிருந்து உறைபனி விழும். புல்வெளி முழுக்க உப்புக் கொட்டினாற்போல் இருக்கும், டூரிஸ்டுகள் ஓடிவந்து போட்டோ எடுப்பார்கள். தேயிலை வைத்திருப்பவனுக்கு அது போட்டோ இல்லை. மேகமே இல்லாத, காற்றில்லாத ராத்திரி வந்தால் பயம், காலையில் வெயில் ஏறியதும் கொழுந்து வெந்த மாதிரி கருகிவிடும், பிறகு பல வாரத்துக்கு அந்தச் செடியில் பறிக்க ஒன்றும் இருக்காது. பூங்காவில் மிலார்ச் செடியை ஒடித்து நாற்றுகளுக்குக் குடை பிடிப்பார்கள். நாங்கள் தோட்டம் முழுக்க எதைப் போட்டு மூடுவது?

பண்டிகை என்றால் படுகர்களின் ஹெத்தை ஹப்பா. டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வரும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கோத்தகிரி பக்கம் பேரகணியில் பெரிய கூட்டம், ஆண் பெண் எல்லாரும் வெள்ளை உடுத்தி மலைச்சரிவில் வரிசையாக இறங்கிவருவார்கள். அந்தக் குளிரில் கால்மணி நேரம் நின்றால் காது மரத்துவிடும். குடிப்பது டீதான், எங்கள் ஊரில் வேறென்ன குடிப்பது.

உப்சாலா_அக்கா:
வெள்ளை உடுத்தி வரிசையாக வருவது என்றதும் எனக்கு இங்கே சுவீடனில் லுசியா நாள்தான் ஞாபகம் வருகிறது. டிசம்பர் 13. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் விடியலில் வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, முன்னால் வரும் பெண் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். சின்னப் பிள்ளைகளுக்கு பேட்டரி மெழுகுவர்த்தி, பெரிய பெண்களுக்கு சில இடத்தில் நிஜ மெழுகு, தலைக்கு ஈரத்துணி வைத்துக் கட்டுவார்கள். எட்டு மணிக்கும் வெளியே கும்மிருட்டு.

அன்றைக்குக் குங்குமப்பூ பன். மாவை எஸ் வடிவத்தில் சுருட்டி இரண்டு முனையிலும் ஒரு உலர்திராட்சை. கூடக் குடிப்பது க்ளோக், சிறுவாணி தம்பி சொன்னதன் சுவீடன் உறவுக்காரர், ஆனால் இன்னும் தித்திப்பு, ஏலக்காய் தூக்கலாக இருக்கும், சின்னக் கப்பில் அடியில் பாதாமும் திராட்சையும் போட்டு மேலே ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் அடியில் கிடக்கிறதை ஸ்பூனால் தோண்டிச் சாப்பிடுவதுதான் ருசி. மது உள்ளது அரசாங்கக் கடையில்தான் கிடைக்கும், நம் டாஸ்மாக் மாதிரி அரசு ஏகபோகம். ஆனால் கடை பளிச்சென்று இருக்கும், வாசலில் யாரும் விழுந்து கிடக்க மாட்டார்கள்.

குழந்தைகளுக்கு யூல்முஸ்ட் என்று ஒரு கறுப்பு சோடா. 1910-இல் எரேப்ரோ ஊரில் ஒரு அப்பாவும் மகனும் பீருக்கு மாற்றாகக் கண்டுபிடித்தது, மால்ட்டும் ஹாப்ஸும் போட்டது. டிசம்பர் மாதத்தில் கோக்கையே தள்ளிவிட்டு விற்பனையில் முந்திவிடும். முதல் வாய்க்கு இருமல் மருந்து போல இருக்கும். என் பெண் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறாள்.

போடிமெட்டு_ஏலம்:
குளூவைன், க்ளோக், ஏலக்காய், கிராம்பு... எல்லாம் நம்ம சரக்குதானே, நம்மிடம் வாங்கி நமக்கே விற்கிறான் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவன். ஐரோப்பாவில் அந்த க்ளோக்கில் போடுகிற ஏலக்காய் பெரும்பாலும் குவாத்தமாலா சரக்கு. உலகச் சந்தையில் அவன்தான் பெரிய கை. முதல் உலகப்போர் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் விதையைக் கொண்டுபோய் அங்கே நட்டார், இன்று போடி ஏலத்தில் விலை விழுந்தால் முதலில் குவாத்தமாலா விளைச்சல் எப்படி என்றுதான் கேட்கிறோம். அங்கே மழை தப்பினால் இங்கே விலை ஏறும். கிராம்புக்கு இந்தோனேசியா, மடகாஸ்கர். குங்குமப்பூவுக்கு ஈரான். பட்டைக்கு மட்டும் இலங்கையைத் தலைநிமிர்ந்து சொல்லலாம், அதுவும் கடையில் விற்கிற முரட்டுப் பட்டையில் பாதி சீனா, வியட்நாமிலிருந்து வருகிற கேசியா, பட்டை மாதிரியே இருக்கிற வேறு மரத்துத் தோல்.

பெருமை பேசுவதில் தப்பில்லை, சரக்கு மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ட்ரொம்சோ_யாழ்ப்பாணம்:
உப்சாலா அக்கா எட்டு மணிக்கு இருட்டு என்கிறா. நான் இருக்கிறது நோர்வேயில் ட்ரொம்சோ, இங்கே நவம்பர் 27 வாக்கில் போன சூரியன் ஜனவரி 15 மட்டும் அடிவானத்துக்கு மேலே வராது. மத்தியானத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் வானம் நீலமாக, மங்கலாக இருக்கும், பிறகு திரும்ப இரவு. எண்பதுகளில் எங்கடை ஆட்கள் கொஞ்சப் பேர் இன்னும் வடக்கே பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவை, என்னுடைய சித்தப்பாவும் அதில் ஒருவர். யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவர், முதல் வருடம் ஜன்னல் பக்கமே போகவில்லையாம்.

குளிர்காலப் பானம் கேட்டீர்கள். இங்கே முதல் பானம் மீனெண்ணெய். கொட் மீனின் ஈரல் எண்ணெய், காலையில் ஒரு கரண்டி. மாதத்தின் பெயரில் ஆர் எழுத்து வருகிற மாதமெல்லாம் குடிக்க வேண்டும் என்பது வழக்கம், அதாவது செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. வெயில் இல்லாததால் விட்டமின் டிக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிவிட்டு மேலே ஒரு வெறுந்தேத்தண்ணி, வாயில் பனங்கட்டி. அது வீட்டு ஏற்பாடு.

ஆனால் சொல்ல வந்தது இது. சூரியன் ஜனவரி 15 வாக்கில் திரும்பினாலும் சுற்றிவர மலை என்பதால் நகரத்துக்குள் தெரிவது 21-ஆம் திகதிதான். அதைச் சூரிய நாள் என்று கொண்டாடுறவை. பேக்கரி வாசலில் வரிசை, உள்ளே ஜாம் வைத்த வட்டப் பணியாரம் போல ஒன்று, சூரிய பன் என்று பெயர், அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து மலைப்பக்கம் போய்ச் சூரியனைப் பார்த்து பாட்டுப் பாடுவார்கள். நாங்கள் அதற்கு ஒரு கிழமை முந்தியே தைப்பொங்கலை, இருட்டுக்குள்ளேயே, மின்சார அடுப்பில் பொங்கி முடித்திருப்போம். என்ன கொடுமை என்றால் சூரியனுக்குப் படைக்கும்போது சூரியன் இல்லை. அம்மா தென்கிழக்கு மூலையைப் பார்த்து கும்பிட்டால் போதும் என்றுவிட்டா.

நாள்காட்டி_மதுரை:
அருமையான இழை. இதில் யாரும் கவனிக்காத ஒன்று. லுசியா டிசம்பர் 13, தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. நிஜமாக நீண்ட இரவு டிசம்பர் 21 அல்லது 22. இரண்டும் ஒரு காலத்தில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தவை, காலண்டர்தான் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஐரோப்பாவின் பழைய ஜூலியன் காலண்டரில் வருடம் கொஞ்சம் நீளம், அதனால் பதினான்காம் நூற்றாண்டில் நீண்ட இரவு டிசம்பர் 13 வாக்கில் விழுந்தது, லுசியா இரவுதான் வருடத்திலேயே நீளமானது என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. சுவீடன் 1753-இல் பிப்ரவரி 17-க்கு அடுத்த நாளை மார்ச் 1 என்று வைத்துக் காலண்டரைச் சரிசெய்தது. பண்டிகை 13-லேயே ஒட்டிக்கொண்டது.

நமக்கு வேறு கதை. மகர சங்கராந்தியை நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுவதால் பருவமும் நட்சத்திரமும் சுமார் 70 வருடத்துக்கு ஒரு நாள் விலகுகின்றன. ஏறக்குறைய 1,700 வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாள். ஆதாரம் வேண்டுமா, விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்தார், அன்றைக்கு மகர சங்கராந்தி. இப்போது 14, 15. என் கொள்ளுப்பேரன் காலத்தில் 16 ஆகும்.

மயிலாப்பூர்_மாடவீதி:
அப்போ உத்தராயணம் டிசம்பர் 22-ஆம் தேதியே பிறந்துவிடுகிறது, பொங்கலை மாற்ற வேண்டும் என்கிறீரா? எங்கள் பக்கம் இப்படி ஒருவர் நோட்டீஸே அடித்தார், யாரும் சீண்டவில்லை.

நாள்காட்டி_மதுரை:
நான் எங்கே மாற்றச் சொன்னேன் ஐயா. பொங்கல் பானைக்குச் சூரியனோடு நெல்லும் வேண்டும். சம்பா அறுவடை தையில்தான். டிசம்பர் 22-இல் பொங்கினால் கடையில் வாங்கிய பழைய அரிசியில் பொங்க வேண்டியதுதான். தஞ்சாவூர்க்காரன் வயலில் அப்போது கதிர் பச்சையாக நிற்கும், பல வருடம் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீரே வடிந்திருக்காது.

இன்னொன்று, சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பரில் இல்லை, ஜனவரி மூன்றாம் வாரத்தில். நாள் நீளம் கூடத் தொடங்கிய பிறகும் விடியல் தள்ளிப்போகும், சாயங்காலம்தான் முதலில் நீளும். பொங்கல் லீவுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை என்று பிள்ளைகள் சொன்னால் திட்டாதீர்கள், நியாயம் அவர்கள் பக்கம்.

பினாங்கு_கிளிங்கன்ரோடு:
எங்களுக்கு குளிரே கிடையாது, வருடம் முழுக்க 30 டிகிரி. ஆனால் டிசம்பர் 22 வாக்கில் பக்கத்து சீனர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்துவிடும். அவர்கள் குளிர்கால நாள், தோங்ச்சி. ஒட்டரிசி மாவில் ரோஸும் வெள்ளையுமாக உருண்டை, இஞ்சியும் ரம்பை இலையும் போட்ட சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும். அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிடும் என்பார்கள், ஆன்ட்டி ஒவ்வொரு வருடமும் என் தட்டில் கூடுதலாக இரண்டு போட்டு, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த இஞ்சித் தண்ணீரை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக் குடிப்பேன். மாமாக் கடை (இங்கத்துத் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை) தே ஹாலியாவை, அதாவது இஞ்சி டீயை விட நன்றாக இருக்கும்.

துபாய்_டேரா:
ஈரானியர்களின் யல்தா இரவும் அதே நேரம்தான், டிசம்பர் 20 அல்லது 21 ராத்திரி. என் ஆபீஸில் ஈரானிய சக ஊழியர் மாதுளையும் தர்பூசணியும் கொண்டுவருவார். குளிரில் தர்பூசணி எதற்கு என்றேன், நீண்ட இரவில் அதைத் தின்றால் அடுத்த கோடையில் சூடு தாக்காது என்பது நம்பிக்கையாம். அப்புறம் ஹாஃபிஸ் கவிதைத் தொகுப்பைக் கண்ணை மூடித் திறந்து ஆளுக்கொரு குறி பார்ப்பார்கள். எனக்கு வந்த கவிதையில் ஒயின் இருந்தது, விசாவில் இருக்கிறவனுக்குச் சொல்கிற குறியா இது :)

2022-இல் இதை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து விண்ணப்பித்தது.

உப்சாலா_அக்கா:
போகி பற்றி யாரும் எழுதவில்லையே. சுவீடன் போகியைச் சொல்கிறேன். யேவ்லெ என்று ஒரு ஊர், உப்சாலாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் ஆகாது. 1966-லிருந்து அங்கே சதுக்கத்தில் வைக்கோலில் 13 மீட்டர் உயர ஆடு செய்து நிறுத்துகிறார்கள். முதல் வருடமே டிசம்பர் 31 ராத்திரி யாரோ கொளுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து கொளுத்துவது சட்டவிரோதமான பாரம்பரியம். காவல், கேமரா, வேலி, தீப்பிடிக்காத ரசாயனம் எல்லாம் போட்டும் பாதிக்கு மேல் வருடங்களில் ஆடு பிழைக்கவில்லை. 2001-இல் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப்பயணி, இது ஊர்வழக்கம் என்று யாரோ சொன்னதை நம்பிக் கொளுத்திவிட்டு ஜெயிலுக்குப் போனார். 2023-இல் யாரும் கொளுத்தவில்லை, வைக்கோலில் தானியம் மிச்சம் இருந்ததால் காக்கை இனப் பறவைகள் வந்து கொத்தித் தின்றே ஆட்டை மொட்டையாக்கிவிட்டன.

கோத்தகிரி_குளிர்:
ஊரே ஆடு செய்து நிறுத்துகிறது, ஊரே எப்போது எரியும் என்று காத்திருக்கிறது. இதற்குப் பேசாமல் நம்ம போகி போல அதிகாரபூர்வமாகக் கொளுத்திவிட்டு மேளம் அடித்துவிடலாம். மேளம் அடிக்கிற சின்னப் பையன்களுக்காவது சந்தோஷம்.

ஸ்டுட்கார்ட்_சிறுவாணி:
சரி, நம்ம பக்கத்துப் பானத்துக்கு வாருங்கள். சுக்கு காப்பிக்கு யாராவது சரியான அளவு சொல்லுங்களேன். இங்கே என் ஜெர்மன் நண்பர்களுக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். காப்பித்தூள் போடலாமா கூடாதா?

மயிலாப்பூர்_மாடவீதி:
கூடாது. போட்டால் அது கேரளா.

போடிமெட்டு_ஏலம்:
ஐயா தீர்ப்பு சொல்லிவிட்டார், அப்பீல் கிடையாது. எங்கள் வீட்டு அளவு: சுக்கு ஒரு பங்கு, மல்லி விதை இரண்டு பங்கு, மிளகு கால் பங்கு, ஏலக்காய் நான்கு. சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும், சுண்ணாம்பு பூசியதாக இருந்தால் கட்டாயம் சீவ வேண்டும். அம்மியிலோ உலக்கையிலோ முதலில் நசுக்கிவிட்டு அப்புறம் மிக்ஸி, முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். மல்லியை வாணலியில் வாசனை வரும் வரை மட்டும் சூடு காட்டவும், சிவக்க வறுத்தால் சாம்பார்ப்பொடி வாசனை வந்துவிடும். கொரகொரப்பாக அரைத்து, ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள், இரண்டு துளசி இலை. குளூவைன் மாதிரி பயப்பட வேண்டாம், கொதிக்கக் கொதிக்கத்தான் சுக்கு இறங்கும்.

கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், எப்படியும் கொஞ்சம் மண் இருக்கும். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. பதநீர் இறக்குவது கோடையில், ஆகவே மார்கழியில் நாம் குடிப்பது சில மாதம் பரணில் இருந்த கருப்பட்டி. பழசானால் இன்னும் நல்ல சுவை.

ட்ரொம்சோ_யாழ்ப்பாணம்:
வெல்லமோ சர்க்கரையோ போட்டால் என்ன? இங்கே கருப்பட்டி ஒஸ்லோவிலிருந்து யாராவது வந்தால்தான்.

போடிமெட்டு_ஏலம்:
வெல்லம் போடலாம் அக்கா, கொஞ்சம் புளிப்பு தட்டும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் வேண்டாம், காரம் தனியாக இனிப்பு தனியாக நிற்கும். ஒரு கல் உப்பு போட்டுப் பாருங்கள்.

மயிலாப்பூர்_மாடவீதி:
உப்சாலா அம்மா, அந்தக் குங்குமப்பூ பன்னை ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா? பேரனுக்கு ஆசை வந்துவிட்டது.

உப்சாலா_அக்கா:
முடியும் ஐயா. அரை கிராம் குங்குமப்பூவைச் சர்க்கரையோடு சேர்த்து இடித்துத் தூளாக்கி வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, அரை கிலோ மைதா, ஈஸ்ட், வெண்ணெயோடு பிசையுங்கள். மாவு தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதம், மாவு அதிகமாகிவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும். ஒரு மணி நேரம் உப்ப விட்டு எஸ் சுருட்டி, மறுபடி அரை மணி நேரம் விடுங்கள். கனமான இட்லிப் பானையில் அடியில் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு, பத்து நிமிடம் மூடிச் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். இருபது நிமிடம். மேலே பொன்னிறம் வராது, அதற்கு முட்டையோ பாலோ தடவித் தோசைக்கல்லை மூடியாகச் சூடாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஏலக்காய் போடாதீர்கள், குங்குமப்பூ வாசனையை அடித்துவிடும். போடிக்காரர் கோபித்துக்கொள்ளட்டும்.

போடிமெட்டு_ஏலம்:
கோபமில்லை அக்கா. குவாத்தமாலா ஏலக்காய்தானே, போடாமலே இருங்கள்.